கான்ட்ராபாஸ் தாள் காணாமல் போன இசை: தெரெசீன் இசையமைப்பாளர்களைத் தேடிக் கேட்க ஒரு முழு வழிகாட்டி

காலையில் ஆகாசவாணி தொடங்கும்போது வரும் அந்த மெட்டை, ரேடியோ கேட்டு வளர்ந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னால் தம்பூரா ஒலிக்க, மேலே வயலின் ஏறி இறங்கும். சிவரஞ்சனி சாயல் என்பார்கள். வாசித்தவர் மெஹ்லி மேத்தா, அதாவது சுபின் மேத்தாவின் அப்பா என்றும் சொல்வதுண்டு. அதை அமைத்தவராகப் பரவலாகச் சொல்லப்படும் பெயர் வால்டர் காஃப்மன். இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி என்று அழைக்கப்படும் ஊரில் 1907இல் பிறந்த யூதர். பெர்லினிலும் பிராகிலும் இசை படித்தவர். முனைவர் பட்டம் கைக்கு எட்டிய நேரத்தில் தன் பேராசிரியர் நாஜிப் பக்கம் என்று தெரிந்ததும், பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1934இல் பம்பாய் வந்து சேர்ந்தார். 1937 முதல் 1946 வரை வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேற்கத்திய இசையைக் கவனித்துக்கொண்டார்.

காஃப்மன் தப்பினார். அதே பிராகில் இருந்த வேறு சிலர் தப்பவில்லை. அவர்களுடைய இசை பல பத்தாண்டுகள் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடந்தது. இப்போது அதில் பெரும்பகுதியைப் போனிலேயே கேட்கலாம். ஆனால் எங்கே தொடங்குவது, எதை நம்புவது, எந்த வரிசையில் கேட்பது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் இரண்டு நாளில் சலித்துப்போகும். எனக்குச் சலித்திருக்கிறது. அதனால்தான் இந்தக் குறிப்புகள்.

தேவையானவை அதிகமில்லை. ஓரளவு நல்ல ஹெட்போன், ஒரு நோட்டு, ஒரு மாதத்துக்கான மாலை நேரங்கள். மேற்கத்திய சங்கீதத்தில் பயிற்சி தேவையில்லை.

படி 1: ஒரே ஓர் ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

"நாஜிகள் தடைசெய்த இசை" என்று பொதுவாகத் தேடினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து விழும். கொல்லப்பட்டவர்கள் ஒரு கூட்டம். ஹாலிவுட்டுக்குப் போய்ப் படங்களுக்கு இசையமைத்த கோர்ன்கோல்ட் போல நாடு கடந்து பிழைத்தவர்கள் இன்னொரு கூட்டம். யூதராக இல்லாவிட்டாலும் ஆட்சியின்மேல் இருந்த வெறுப்பால் ஜெர்மனிக்குள்ளேயே வாய்மூடி இருந்த கார்ல் அமடேயுஸ் ஹார்ட்மன் போன்றவர்களும் உண்டு. 1938 மே மாதம் டுசல்டார்ஃப் நகரில் "சீரழிந்த இசை" என்று பெயர் வைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்கள். 1940இல் இசைத்துறையில் இருந்த யூதர்களின் பெயர்களை அகரவரிசையில் தொகுத்து ஓர் அகராதியும் போட்டார்கள். யாரை வேலையை விட்டுத் துரத்துவது என்று பார்ப்பதற்காகத் தயாரான அந்தப் பட்டியலை, மறந்துபோன பெயர்களைத் தேடுகிறவர்கள் இன்று புரட்டிப் பார்க்கிறார்கள்.

இந்தக் கடலில் முதல் நாளே குதிக்க வேண்டாம். தெரெசீனில் தொடங்குங்கள். பிராகுக்கு வடக்கே உள்ள பழைய கோட்டை நகரம் அது. 1780இல் பேரரசர் இரண்டாம் யோசப், தன் தாய் மரியா தெரேசாவின் பெயரால் கட்டத் தொடங்கியது. ஜெர்மன் மொழியில் தெரெசியன்ஷ்டாட். 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைக்கும் கெட்டோவாக மாற்றினார்கள். ஏறத்தாழ 1,40,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தார்கள். சுமார் 88,000 பேர் அங்கிருந்து கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்த ஊருக்குள்தான் நான்கு இசையமைப்பாளர்கள் ஒரே காலத்தில் இருந்தார்கள். வியன்னாவின் புதுமை இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிடம் படித்த விக்டர் உல்மன். செக் இசையமைப்பாளர் யானாசெக்கின் மாணவர் பாவெல் ஹாஸ். பிராக் நகரத்துச் சொகுசுப் பேர்வழி என்று பெயரெடுத்த ஹான்ஸ் கிராசா. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பியானோக்காரர் கிதியோன் கிளைன். 1944 அக்டோபர் 16 அன்று நால்வரும் ஒரே ரயிலில் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார்கள். உல்மன், ஹாஸ், கிராசா மூவரும் போய்ச் சேர்ந்ததுமே விஷவாயு அறையில் கொல்லப்பட்டார்கள். கிளைன் ஃபூர்ஸ்டென்கிரூபே நிலக்கரிச் சுரங்க முகாமில் 1945 ஜனவரியில் இறந்தார். அப்போது வயது 25.

நால்வர் போதும். இவர்களைச் சுற்றியே ஒரு மாதம் ஓடிவிடும்.

படி 2: இசைக்கு முன்னால் காகிதத்தைப் பின்தொடருங்கள்

பலர் நேராகப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நான் சொல்வது, முதலில் ஒவ்வொரு படைப்பின் கையெழுத்துத் தாளும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பாருங்கள். இன்று ஒரு படைப்பு நம் காதில் விழுகிறது என்றால், யாரோ ஒருவர் அந்தத் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான் காரணம். அந்த ஆளைத் தெரிந்துகொண்டால் எது முழுமையாகக் கிடைத்தது, எது அரைகுறை, எதில் பிறர் கை பட்டிருக்கிறது எல்லாம் தானாகவே விளங்கும்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு படைப்பு என்று வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளை எழுதுங்கள். எப்போது எழுதப்பட்டது? தாளை யார் வைத்திருந்தார்? போருக்குப் பிறகு எப்போது முதலில் வாசிக்கப்பட்டது? இன்று எங்கே இருக்கிறது?

உல்மனை எடுத்துக்கொள்வோம். ரயில் ஏறும்போது எழுதியதையெல்லாம் கூடவே எடுத்துப்போகத்தான் நினைத்தார். நண்பர்கள் வற்புறுத்தியதால் விட்டுவிட்டுப் போனார். கெட்டோவின் நூலகத்தைக் கவனித்துக்கொண்ட எமில் ஊட்டிட்ஸ் கையில் அவை இருந்தன. அவர் பிழைத்தார். தாள்கள் அவரிடமிருந்து, முகாம்களிலிருந்து மீண்ட எழுத்தாளர் ஹெச். ஜி. ஆட்லரிடம் போய், அவரோடு லண்டன் போயின. "அட்லாண்டிஸின் பேரரசன்" என்ற ஓபரா 1975 டிசம்பர் 16 அன்று ஆம்ஸ்டர்டாமில்தான் முதல் தடவை மேடையேறியது. எழுதி முப்பது வருஷத்துக்கும் மேல். இன்று அந்தத் தாள்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், பால் சாஹர் அறக்கட்டளையின் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த ஓபராவுக்கு வரிகள் எழுதியவர் பீட்டர் கீன் என்ற இளம் ஓவியர். வரிகளைத் தட்டச்சு செய்தது எதன்மேல் தெரியுமா? கைதிகளைப் பதிவுசெய்யும் படிவங்களின் பின்பக்கத்தில். வேறு காகிதம் கிடைக்கவில்லை.

கிளைனின் கதை வேறு மாதிரி. தெரெசீனில் எழுதியவற்றைத் தோழி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். போருக்குப் பின் அவை பிழைத்து வந்த அக்கா எலிஷ்கா கையில் சேர்ந்தன. தம்பியின் இசை உலகத்துக்குத் தெரிய அவரே பெரும் காரணம். கெட்டோவுக்குப் போகுமுன் பிராகில் எழுதியவை மட்டும் என்ன ஆயின என்று தெரியாமலே இருந்தது. 1990இல் ஒரு பூட்டிய சூட்கேஸைத் திறந்தபோது அவையும் கிடைத்தன. அதுவரை கிளைன் என்றாலே முகாமில் எழுதியவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாஸின் "கம்பி வாத்தியக் குழுவுக்கான பயிற்சி" என்ற படைப்புதான் என் மனதுக்கு மிகவும் நெருக்கம். 1943இல் எழுதியது. கெட்டோவுக்குள் அதை நடத்தியவர் காரெல் அன்செர்ல். அவர் ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பினார். மனைவியும் குழந்தையும் திரும்பவில்லை. விடுதலைக்குப் பிறகு அவர் தெரெசீனில் தேடியபோது, வாசிப்பவர்களுக்கெனப் பிரித்து எழுதிய தனித்தனித் தாள்கள் கிடைத்தன. எல்லா வாத்தியங்களுக்கும் சேர்த்து எழுதிய முழு ஸ்கோர் இல்லை. அடியில் நின்று முழங்கும் கான்ட்ராபாஸுக்கான தாளும் இல்லை. பின்னாளில் ஹாஸின் மாணவரும் அவர் வாழ்க்கையை எழுதியவருமான லுபோமிர் பெதுட்சி, மற்ற வாத்தியங்கள் போகும் போக்கை வைத்து அந்த ஒரு பகுதியை எழுதிச் சேர்த்தார். இன்று உலகத்தில் எங்கே இது வாசிக்கப்பட்டாலும் கான்ட்ராபாஸ்காரர் வாசிப்பது ஹாஸின் கையெழுத்து அல்ல. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நெதர்லாந்திலும் இதே கதைதான். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட டிக் காட்டன்பர்கின் தாள்கள், அறுபது வருஷம் போல அவர் சகோதரி வீட்டுப் பரணில் கிடந்தன.

இங்கே ஒரு கேள்வி வரும். போர் 1945இல் முடிந்துவிட்டதே, பிறகு ஏன் இவ்வளவு தாமதம்? நாஜிகளை மட்டும் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் புதுமை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கறார் கூட்டம் உருவாகியிருந்தது. மெட்டு இருக்கிற இசை அவர்களுக்குப் பழைய சாமான். லண்டனுக்குத் தப்பிப்போன பெர்தோல்ட் கோல்ட்ஷ்மிட்டின் "பெயாட்ரீச்சே சென்சி" ஓபரா 1951இல் பிரிட்டனில் பரிசு வாங்கியது, ஆனால் மேடையேறியது 1994இல். நல்லவேளை, அவர் அதைப் பார்க்க உயிரோடிருந்தார். செக்கோஸ்லோவாக்கியாவிலோ கம்யூனிச ஆட்சிக்கு யூதர்களின் நினைவைப் போற்றுவதில் அக்கறை இல்லை. தாள்கள் பிராகில் இருந்தால் மேற்கே யாருக்கும் தெரியாது, லண்டனில் இருந்தால் கிழக்கே தெரியாது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் தட்டுக்கள் வரிசையாக வரத் தொடங்கின.

படி 3: பெயரை எழுதும் விதம்

சின்ன விஷயம்தான், ஆனால் இதில்தான் நேரம் வீணாகும். ஆங்கில எழுத்தில் தேடும்போது விக்டருக்குச் 'சி' போடாதீர்கள், 'கே' போடுங்கள். உல்மனுக்கு இரண்டு 'எல்', இரண்டு 'என்'. ஹாஸ் என்று மட்டும் போட்டால், நம் காலத்து ஆஸ்திரியக்காரர் கியோர்க் ஃபிரெட்ரிக் ஹாஸ்தான் முன்னால் வந்து நிற்பார். பாவெல் என்ற முதல் பெயர் அவசியம். ஐந்தாம் படியில் வரப்போகும் ஷூல்ஹோஃப் ஜெர்மன் பட்டியல்களில் எர்வின், செக் பட்டியல்களில் எர்வீன். போதாததற்குச் சில ஜாஸ் துண்டுகளைப் புனைபெயர்களிலும் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரையும் செக், ஜெர்மன் இரண்டு வடிவத்திலும் போட்டுத் தேடுங்கள்; வரும் முடிவுகள் வேறாக இருக்கும்.

படி 4: தேட வேண்டிய இடங்கள்

ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் கேட்க நல்லவை, தகவலுக்கு ஆகாது. தகவலுக்கு இங்கே போங்கள். ஹாம்பர்க் பல்கலைக்கழகம் நாஜிக் காலத்தில் துன்புறுத்தப்பட்ட இசைக்கலைஞர்களுக்கென்றே ஓர் இணைய அகராதி வைத்திருக்கிறது. ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், ஆனால் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் வேலைக்காகும். இசைக்குழு நடத்துநர் ஜேம்ஸ் கான்லன் தொடங்கிய ஓரெல் அறக்கட்டளையின் தளம் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருக்கும். வியன்னாவின் இசைப் பல்கலைக்கழகத்தில் உள்ள எக்ஸில்ஆர்ட்டே மையம், நாடு கடந்தவர்களின் தாள்களை வாங்கிச் சேர்த்து வைக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் லியோ ஸ்மித் அறக்கட்டளை டச்சுக்காரர்களைக் கவனிக்கிறது. அந்தப் பெயருக்குரிய லியோ ஸ்மித் 1943 ஏப்ரலில் சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டவர்.

தட்டுக்களில் டெக்கா நிறுவனம் 1993 முதல் வெளியிட்ட "சீரழிந்த இசை" வரிசை ஒரு திருப்புமுனை. நாஜிகள் வைத்த வசவையே தலைப்பாக வைத்தார்கள். உல்மனின் ஓபராவை லோதார் ட்சாக்ரோசெக் நடத்திய பதிவு அந்த வரிசையில் வந்ததுதான். பாடல்களுக்கு, சுவீடனின் ஆன் சோஃபி ஃபான் ஆட்டர் 2007இல் வெளியிட்ட தெரெசீன் தொகுப்பு. ஹாஸின் நால்வர் வாத்திய இசைக்கு, அவர் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் பிராகின் பாவெல் ஹாஸ் குவார்ட்டெட். காஃப்மனைக் கேட்க வேண்டுமென்றால் டொரொண்டோவின் ஏ.ஆர்.சி. ஆன்சாம்பிள் 2020இல் சாண்டோஸ் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த தட்டு இருக்கிறது. பம்பாயில் ஒருத்தர் உட்கார்ந்து இப்படியெல்லாம் எழுதிக்கொண்டிருந்தாரா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

படி 5: கேட்கும் வரிசை

இதில்தான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். முதல் நாளே மரணம், முகாம் என்று மனதைக் கனமாக்கிக்கொண்டு உட்கார்ந்தால், எல்லா இசையும் ஒப்பாரி போலவே கேட்கும். ஒப்பாரிக்கென்று இவர்கள் எழுதவில்லை. அதனால் போருக்கு முந்தைய படைப்புகளில் தொடங்குங்கள். இவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று முதலில் தெரியட்டும்.

முதல் வாரம் எர்வின் ஷூல்ஹோஃப். இவர் தெரெசீனில் இருந்தவர் அல்ல. பவேரியாவின் வூல்ட்ஸ்பர்க் முகாமில் 1942இல் காசநோயால் இறந்தவர். ஆனாலும் வாசல் திறக்க இவரைப் போல ஆள் இல்லை. "நால்வர் குழுவுக்கு ஐந்து துண்டுகள்" (1923) கேளுங்கள். கால் மணி நேரம்கூட இல்லை. ஒரு வால்ஸ், ஒரு டாங்கோ, கடைசியில் வெறிபிடித்த ஒரு தாரன்டெல்லா. 1919இல் இவர் எழுதிய ஒரு பியானோத் தொகுப்பின் நடுவில், ஒரு சுரம்கூட இல்லாமல் மௌனக் குறிகளால் மட்டுமே நிரப்பிய பக்கம் ஒன்று உண்டு. அத்தனை குறும்பு.

அடுத்து ஹாஸின் இரண்டாம் குவார்ட்டெட், "குரங்கு மலைகளிலிருந்து" (1925). குரங்கு மலை என்பது மொராவிய மேட்டுநிலத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த கேலிப்பெயர். கோடை விடுமுறைக்குப் போய்வந்த உற்சாகத்தில் எழுதியது. ஒரு பகுதியில் குதிரை வண்டி தடுமாறி ஏறும், கடைசிப் பகுதியில் நான்கு கம்பி வாத்தியங்களோடு ஜாஸ் டிரம்ஸும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது கிளைனின் ட்ரையோ. வயலின், வியோலா, செல்லோ. 1944 அக்டோபர் 7 அன்று முடித்தார். ஒன்பது நாள் கழித்து ரயில். பதின்மூன்று நிமிஷம்தான், அதில் நடுப்பகுதியே பாதிக்கு மேல். க்னெஷ்டுப் ஊர்க் கோபுரத்தைப் பற்றிய மொராவிய நாட்டுப்பாடல் ஒன்றை எடுத்து ஒவ்வொரு சுற்றிலும் வேறு முகம் காட்டுவார். நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இருக்காது: அதே வரி, அதே இடம், ஒவ்வொரு தடவையும் வேறு வெளிச்சம். ஒரு சுற்றில் செல்லோ திடீரென்று தனியாகப் பேசும். அந்த இடத்தில் ஒரு நாள் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றிருக்கிறேன்.

அப்புறம் உல்மனின் ஏழாம் பியானோ சொனாட்டா, 1944 ஆகஸ்ட் 22 தேதியிட்டது. முதல் பக்கத்தில், வாசிக்கும் உரிமை இசையமைப்பாளர் உயிரோடிருக்கும்வரை அவருக்கே என்று எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டே எழுதினாரா என்று தெரியவில்லை. கடைசிப் பகுதிக்கு ஒரு ஹீப்ரு பாடல்தான் அடிப்படை. அதோடு சமயச் சீர்திருத்தவாதி யான் ஹூஸ் வழிப் போராளிகளின் பழைய செக் பாடல், ஒரு ஜெர்மன் தேவாலயப் பாடல் எல்லாம் வந்து கலக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இசை மேதை பாஹின் பெயரையே சுரமாக்கி வைத்திருப்பார். ஜெர்மன்காரர்களுக்குப் பி, ஏ, சி, ஹெச் நான்குமே சுரப் பெயர்கள். சி என்பதை ஷட்ஜமாக வைத்தால், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், மேல் ஷட்ஜம், காகலி நிஷாதம். ஒரு தடவை இதை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்; பிறகு சொனாட்டாவைப் போட்டால் காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஹாஸின் "சீனக் கவிதைகளுக்கு நான்கு பாடல்கள்" (1944) தெரெசீனில் முதலில் பாடப்பட்டபோது பாடியவர் காரெல் பெர்மன். அவர் பிழைத்தார். ஊர் ஏக்கம்தான் பாடல்களின் பொருள், கடைசிப் பாடல் மட்டும் விடியும் என்ற நம்பிக்கையில் துள்ளிக்கொண்டு முடியும். பியானோவில் நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப வரும். செக் மக்கள் நூற்றாண்டுகளாகப் பாடிவரும் புனித வென்செஸ்லாஸ் பாடலின் சாயல் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஓபராவை ஒரு விடுமுறை நாளுக்கு வையுங்கள். சுமார் ஐம்பது நிமிஷம். உலகத்தோடு போர் தொடுத்த பேரரசன் ஒருவன் சாவையும் தன் படையில் சேர்க்கப் பார்க்கிறான். கோபம் கொண்ட சாவு வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. இனி யாராலும் சாக முடியாது. முகாமுக்குள் இதை ஒத்திகையும் பார்த்தார்கள், மேடையேறவில்லை. பாஞ்சோ, சாக்ஸஃபோன், ஹார்மோனியம் எல்லாம் சேர்ந்த சிறிய குழு. டிரம்மர் பெண் பேரரசனின் பட்டங்களை அடுக்கும்போது, ஜெர்மன் தேசிய கீதம் கோணிப்போய் ஒலிக்கும். வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், இல்லாவிட்டால் பாதி போய்விடும்.

கிராசாவின் "புருண்டிபார்" கடைசி. அம்மாவுக்குப் பால் வாங்கக் காசில்லாத இரண்டு குழந்தைகளும், அவர்களைத் தெருவில் பாடவிடாமல் விரட்டும் ஆர்கன்காரனும். கெட்டோவில் 55 தடவை நடந்தது. நடித்த குழந்தைகள் ரயிலேறிப் போகப் போக, புதுக் குழந்தைகள் அவர்கள் இடத்தில் நின்றார்கள். இதற்கு மெருகேற்றிய ஸ்டூடியோ பதிவைவிட, ஏதாவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுருதி கொஞ்சம் விலகப் பாடிய வீடியோவே மேல். இது என் தனிப்பட்ட கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

நடுவில் எங்கேயாவது எரிச்சல் வரும். ஒன்றும் புரியவில்லை, இது என்ன சத்தம் என்று தோன்றும். அப்போது காஃப்மனை நினைத்துக்கொள்ளுங்கள். நம் இசையை முதலில் கேட்டபோது அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லையாம். ஆனால் அறிவும் மனசும் உள்ள லட்சக்கணக்கானவர்கள் இதை நேசிக்கிறார்கள் என்றால் கோளாறு என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் இருந்தபடி வடஇந்திய ராகங்களுக்கு ஒரு பெரிய நூலும் தென்னிந்திய ராகங்களுக்கு இன்னொன்றும் எழுதினார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், மூன்று தடவை கேட்டால் போதும்.

படி 6: கேள்விப்பட்டதைச் சரிபாருங்கள்

இந்த இசையைச் சுற்றி நிறையக் கதைகள் உண்டு, உருக்கமானவை வேகமாகப் பரவும். இரண்டாம் படியில் எழுதிய நான்கு கேள்விகளும் இங்கே கைகொடுக்கும். "முகாமில் எழுதியது" என்று அட்டையில் போட்டிருந்தால் தேதியைப் பாருங்கள். புருண்டிபார் 1938இலேயே பிராகில் எழுதப்பட்டது. அதன் பியானோத் தாளை ஒருவர் கெட்டோவுக்குள் கொண்டுவந்தார். அங்கே இருந்த வாத்தியக்காரர்களுக்கு ஏற்ப கிராசா அதைத் திரும்ப அமைத்தார்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் "காலத்தின் முடிவுக்கான குவார்ட்டெட்" இன்னொரு உதாரணம். 1941 ஜனவரி 15 அன்று கெர்லிட்ஸ் போர்க்கைதி முகாமில் நடந்த முதல் நிகழ்ச்சியில், செல்லோவுக்கு மூன்றே கம்பி என்று மெஸ்ஸியான் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லோ வாசித்த பாஸ்கியேயோ, நான்கும் இருந்தன என்று சொல்லிவிட்டார்.

தெரெசீன் விஷயத்தில் மிக முக்கியமான எச்சரிக்கை வேறு. 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது ஊரைப் பூச்செடியும் பெயின்டுமாக அலங்கரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பிரச்சாரப் படமும் எடுத்தார்கள். அதில் அன்செர்ல் ஹாஸின் படைப்பை நடத்துவதும், ஹாஸ் எழுந்து வணங்குவதும் இருக்கிறது. இணையத்தில் சுற்றும் துண்டுகள் அதிலிருந்து வந்தவைதான். பார்க்கலாம், ஆனால் கேமரா யாருடையது என்பதை மறந்துவிட்டு, "முகாமிலும் எவ்வளவு நல்ல கச்சேரி" என்று எழுதிப் பகிராதீர்கள். உல்மனும் ஒரு கட்டுரையில் இதைத் தொட்டிருக்கிறார். பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து நாங்கள் வெறுமனே அழுதுகொண்டிருக்கவில்லை, வாழும் விருப்பம் எவ்வளவோ அவ்வளவு படைக்கும் விருப்பமும் இருந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். அனுமதி கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை.

படி 7: வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு

ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் சில ஸ்கோர்கள் இலவசமாகக் கிடைக்கும். விலைக்கு வாங்க வேண்டுமென்றால் உல்மனுக்கு ஷாட் பதிப்பகம். ஹாஸ், கிளைன் இருவருக்கும் போட்டே அண்ட் பாக் பதிப்பகம். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்து அறுபது வருஷம் வரை காப்புரிமை. 1944இல் இறந்தவர்கள் உயிரோடிருந்தபோதே வெளியான படைப்பு இங்கே 2005லேயே பொதுவுடைமை ஆகிவிட்டது; அவர்கள் இறந்தபின் முதலில் வெளியானவற்றுக்கு, வெளியான ஆண்டிலிருந்துதான் அறுபது வருஷக் கணக்கு. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். புருண்டிபாரின் வரிகளை எழுதிய அடால்ஃப் ஹோஃப்மைஸ்டர் இறந்தது 1973இல்; பள்ளி ஆண்டு விழாவில் போடுவதாக இருந்தாலும் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேட்டுவிடுங்கள். பெதுட்சி எழுதிச் சேர்த்த கான்ட்ராபாஸ் பகுதி போன்றவற்றுக்கும் தனி உரிமை உண்டு.

வயலினோ பியானோவோ ஓரளவு வாசிப்பவர் என்றால், காஃப்மனின் சின்ன வயலின் படைப்புகளில் தொடங்கலாம். உல்மனின் சொனாட்டா பக்கம் ஆசிரியர் துணையில்லாமல் போக வேண்டாம்.

படி 8: நாலு பேரைக் கூப்பிடுங்கள்

ஒரு மாதம் தனியாகக் கேட்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டிலேயே ஒரு கேட்கும் கூட்டம் வையுங்கள். ஐந்தாறு பேர், சுமாரான ஸ்பீக்கர், டீ. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். குத்துவிளக்கு, கறுப்புத் துணி, மௌன அஞ்சலி எதுவும் வேண்டாம். முதல் தடவை நான் நடத்தியபோது அப்படி ஒரு முன்னுரை கொடுத்துத் தொலைத்தேன். வந்தவர்கள் கடைசிவரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். டாங்கோவுக்குக்கூட யார் காலும் அசையவில்லை.

ஆகாசவாணி மெட்டைப் போட்டு ஆரம்பியுங்கள், எல்லோர் முகமும் மலரும். யார் போட்டது என்று கேளுங்கள். பிறகு ஷூல்ஹோஃபின் டாங்கோ, கிளைனின் நடுப்பகுதி. டீ. அதற்குப் பிறகு ஹாஸின் "பயிற்சி"யைப் போடுங்கள். எட்டு ஒன்பது நிமிஷம்தான். ஒன்றுமே சொல்லாமல் ஒரு தடவை. வேகமாகத் தொடங்கி, ஒன்றை ஒன்று துரத்தி, நடுவில் தணிந்து, திரும்பவும் பாய்ந்து முடியும். முடிந்ததும் அன்செர்ல் அந்தத் தாள்களைக் கண்டெடுத்த கதையைச் சொல்லுங்கள், எந்தத் தாள் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் பாஸைக் கொஞ்சம் கூட்டி வைத்து, அதையே இன்னொரு தடவை போடுங்கள்.